காந்தியடிகள் பழகிய பழக்கங்கள்

நற்பழக்கம் ஒன்றை மேற்கொள்ள வேண்டும் என்று ஒருமுறையேனும் எண்ணாதவர் நம்மில் எவரும் இலர். சாதுர்மாஸ்யத் தொடக்கத்தில் ஒன்றை விடுவதாகவோ ஏற்பதாகவோ உறுதி கொள்கிறோம். மழைக்காலம் முடியுமுன்பே அவ்வுறுதி முடிந்துவிடுகிறது. புதிதாக ஒரு கலையையோ மொழியையோ கற்க எண்ணினாலோ, இந்த வயதில் இது எதற்கு என்று மனமே தடை சொல்கிறது. இவ்விரு இடர்ப்பாடுகளையும் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் காந்தியடிகள். அவருடைய அரசியல் வரலாற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் எந்தெந்தப் பழக்கங்களை எவ்வாறு கைக்கொண்டார், எவற்றில் தோற்றார் என்பதை மட்டும் ஈண்டுக் காண்போம்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாரைச் சேர்ந்த போர்பந்தரில் அவர் பிறந்தார். குடும்பம் வைணவக் குடும்பம். எனினும் ஜைன முனிவர்கள் அவர் தந்தையாரின் இல்லத்திற்கு அடிக்கடி எழுந்தருளி, அங்கு உணவேற்பதும் உண்டு. அன்னையார் புத்லிபாய் நோன்புகளிலேயே வளர்ந்தவர். ஒரு சாதுர்மாஸ்யத்தில் கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். மழைமேகம் விலகிக் கதிரவன் தோன்றியதும் பிள்ளைகள் ஓடிச்சென்று அறிவிப்பார்கள். அன்னையார் வெளியே வருமுன் கதிரவன் மீண்டும் மறைந்திருப்பான். அவரோ சிறிதும் வருந்தாமல் தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுவார். விரதம் என்பது முகம் சுளிக்காமல் செய்யக்கூடியது என்பதைச் சிறுவர் மோகன்தாஸ் அங்கேதான் கண்டார்.

கண்டாரே தவிர, உடனே கைக்கொண்டார் அல்லர். நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டதும், தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறு துண்டைத் திருடியதும், பின் தந்தையாருக்கு எழுத்து மூலம் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அவரே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியுள்ள செய்திகள். உடற்பயிற்சியில் அவருக்கு நாட்டமில்லை. நல்ல கையெழுத்து கல்விக்கு இன்றியமையாதது அன்று என்று எண்ணி அதைப் புறக்கணித்தார். பிற்காலத்தில் அதற்காகப் பெரிதும் வருந்தினார். பள்ளிப் பருவத்தில் அவராகவே தேடிக்கொண்ட நற்பழக்கம் ஒன்று உண்டு. திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பது நன்மை பயக்கும் என்று ஏதோ ஒரு நூலில் படித்தார், நடக்கத் தொடங்கினார். அந்நடை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1888இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தபோது அன்னையார் அஞ்சினார். அப்போது அக்குடும்பத்துக்கு அறிவுரை கூறி வந்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் ஜைன முனிவர். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்ற உறுதிமொழியை இளைஞருக்கு அவரே அளித்தார். அதன் பின்னரே அன்னையார் விடை கொடுத்தார். செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

இலண்டனில் அவர் பட்ட பாடு, இன்று வெளியூர் விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகள் பட்டுக்கொண்டிருக்கும் பாடுதான். உப்பும் உறைப்பும் இல்லாத வேகவைத்த காய்கள், அரைவயிற்றுப் பட்டினி, புலால் உண்டால்தான் அந்நாட்டுக் குளிரில் உயிர் தரிக்கலாம் என்று அன்புடன் வற்புறுத்தும் நண்பர்கள். வாதத்தில் அவர்களை வெல்ல அவரால் இயலவில்லை. உள்ளத்தின் ஆழத்தில் புலால் உண்பதே நன்று என்ற கருத்தும் அப்போது அவருக்கு இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற ஒன்று மட்டுமே அவரைத் தடுத்து நிறுத்தியது. பிறகு ஒருநாள் பேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அதன் வாயிலில் விற்பனைக்கு வைத்திருந்த, ஹென்றி சால்ட் என்பார் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். வயிறார உண்டார், நூலை முழுவதும் படித்தார். அன்று முதல் வாக்குக்காக மட்டுமன்றி, தம் விருப்பத்தாலேயே புலால் மறுத்தவர் ஆனார்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். நம் இல்லங்களில் இரவுண்ணாமையும் நீர் வடித்தலும் கிழங்கு விலக்கலும் பெற்றோர் வழி வருபவை. வீட்டில் இருக்கும்வரை அவை தாமே நடக்கின்றன. வீட்டை விட்டு வெளியேறியதும் தளர்கின்றன. காந்தியடிகளிடமும் முதலில் இருந்தது பிறர் தந்த பழக்கமே. அது அவருடையதாக ஆகும்வரை அதனைத் தாங்கிப் பிடித்திருந்தது விரதம். அவ்வேலி இல்லாதிருந்தால் பேரிங்டன் தெருவை அடையும்வரை அவர் காத்திருந்திருப்பாரா என்பது ஐயமே. முட்டை புலால் ஆகாது என்று சிலர் கூறியதைக் கேட்டு இடையில் சில நாள் முட்டை உண்டார். பின்னர், தம் அன்னையார் புலால் என்று எதைக் கருதினாரோ அதுவே தாம் கொடுத்த வாக்கின் பொருள் எனத் தெளிந்து அதையும் விலக்கினார்.

புதிய கலைகளைக் கற்கும் ஆசையும் அதே இலண்டனில்தான் தலைதூக்கியது. அது சற்று நகைப்புக்குரிய விதமாக. புலால் உண்ணாத குறையை நாகரிகத்தால் ஈடுசெய்ய எண்ணினார் போலும்! பத்தொன்பது ஷில்லிங்கில் உயரமான தொப்பி வாங்கினார். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை உடை தைத்துக்கொண்டார். நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடிமுன் நின்று கழுத்துப்பட்டி கட்டினார். மூன்று பவுன் செலுத்தி நடன வகுப்பில் சேர்ந்து, மூன்று வாரங்களில் ஆறு பாடம் பயின்றார். பியானோவின் தாளத்துக்குக் கால் ஒத்துவரவில்லை. செவிக்கு இசைப் பயிற்சி தேவையென்று கருதி மூன்று பவுனில் ஒரு பிடில் வாங்கினார். பேச்சுக்கலை பயில வேறோர் ஆசிரியரை அமர்த்தினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் இம்மயக்கம் தெளிந்தது. தாம் வந்தது மாணவராக, வாழப்போவது இந்தியாவில், இவையெல்லாம் எதற்கு என்று தம்மையே வினவிக்கொண்டு, ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதி விடைபெற்றார். பிடிலை விற்றுத் தருமாறு அதைக் கற்பித்த அம்மையாரையே வேண்டிக்கொண்டார்.

தொடங்கியதை விட்டது தோல்வி என்று நாம் கருதவேண்டுவதில்லை. சோம்பலால் விடுவது வேறு, தேவையில்லை எனத் தெளிந்து விடுவது வேறு. அந்த ஆடம்பர நாள்களிலும் செலவழித்த ஒவ்வொரு காசையும் குறித்துவைத்து, இரவு உறங்கப்போகுமுன் இருப்பைச் சரிபார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. அக்கணக்கேடுதான் அவரைத் தட்டி எழுப்பியது எனலாம். அதைப் பார்த்தே செலவைப் பாதியாகக் குறைக்கத் துணிந்தார். ஓர் அறைக்குக் குடிபெயர்ந்து, காலை உணவைத் தாமே சமைத்தார். வண்டிக் கூலியை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டு அல்லது பத்து மைல் நடந்தார். உணவுச் செலவு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் அடங்கியது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பொதுப்பணம் அவர் கைவழிச் சென்றபோதும் கணக்கு பிசகாமல் நின்றதற்கு இப்பழக்கமே அடிப்படை.

1891இல் தாயகம் திரும்பிய அன்றே பம்பாயில் ஒருவரைச் சந்தித்தார். அவரே ஸ்ரீமத் ராஜசந்திரர். காந்தியடிகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு மூத்தவர். முத்து வைர வணிகர். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தவல்ல சதாவதானி. ஆனால் காந்தியடிகளைக் கவர்ந்தது அவதானம் அன்று. அவருடைய வாணிப மேசைமீது எப்போதும் ஒரு சமய நூலும் ஒரு நாட்குறிப்பும் இருக்கும். பெருந்தொகைக்கான பேரம் முடிந்த அடுத்த கணமே அவர் அந்நூலைத் திறப்பார், அல்லது குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவார். இல்லறத்தான் ஒருவன் தொழிலுக்கும் ஸ்வாத்யாயத்துக்கும் இடையே வேறொன்றும் புகாதவாறு வாழ இயலும் என்பதை இளைஞர் கண்ணாரக் கண்டார். தென்னாப்பிரிக்கா சென்றபின் சமய ஐயங்கள் எழுந்தபோது, 1894இல் இருபத்தேழு வினாக்களை எழுதி அனுப்பி அவரிடமே விடை பெற்றார். ராஜசந்திரர் 1901இல், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

தென்னாப்பிரிக்காவில் கழிந்த ஆண்டுகளைக் காந்தியடிகளின் கைத்தொழில் பள்ளி என்றே சொல்லிவிடலாம். சலவைச் செலவு மிகுந்தது கண்டு, துணி வெளுக்கும் முறையைக் கூறும் நூல் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே வெளுத்தார். முதன்முதலில் கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்த காலரிலிருந்து நீதிமன்றத்தில் கஞ்சி உதிர்ந்துகொண்டிருந்தது. வழக்குரைஞர்கள் நகைத்தனர், அவரும் உடன் நகைத்தார். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் முடிவெட்ட மறுத்தபோது கத்திரி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது. பின்புறத்தைப் பார்த்தவர்கள் எலி கடித்ததோ என்று கேட்டார்கள். புதிய பழக்கத்தைத் தொடங்குவோருக்கு இருக்கும் பெரிய தடை பிறர் நகைப்பார்களே என்ற அச்சம். அது அவரிடம் இல்லாமற்போனது அவருக்கு வாய்த்த பெரும்பேறு.

டர்பனில் அறநிலை மருத்துவமனை ஒன்றில் காலைதோறும் ஓரிரு மணி நேரம் மருந்து கலந்து கொடுக்கும் பணியை ஊதியமின்றி மேற்கொண்டார். நோயாளிக்குப் பணிவிடை செய்வதில் அவருக்கிருந்த ஆர்வம், 1899இல் போயர் போர் மூண்டபோது 1,100 பேர் கொண்ட இந்தியர் ஆம்புலன்ஸ் படையை அமைக்க உதவிற்று. ஜோகன்னஸ்பர்க்கில் இரும்புச் சக்கரம் பொருத்திய கைத்திரிகை ஒன்றை ஏழு பவுனுக்கு வாங்கி, வீட்டு ஆடவரே கோதுமை அரைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கேயே 1903இல் கீதையை மனப்பாடம் செய்ய விரும்பினார். வழக்கறிஞர் தொழிலும் பொதுப்பணியும் போக நேரம் ஏது? காலைக்கடன்களை எண்ணிப் பார்த்தார்: பல் துலக்கப் பதினைந்து நிமிடம், குளிக்க இருபது நிமிடம். சுலோகங்களைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, பல் துலக்கும்போது அவற்றைப் பார்த்துப் பாடம் செய்தார். குளிக்கும் நேரம், கற்றதை மீண்டும் சொல்லிப் பார்க்கப் போதுமானதாயிற்று. பதின்மூன்று அத்தியாயங்கள் இவ்வாறே மனத்தில் பதிந்தன. அதன்பின் சத்தியாக்கிரகப் பணி மிகுந்து, மனப்பாடம் நின்றுபோயிற்று.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றையும் கூற வாசகர் இடம் தரவேண்டும். பணி ஓய்வு பெற்றபின், எங்கள் இல்லத்து ஏடுகளைப் படிக்கும் ஆவலால் கிரந்த எழுத்துக் கற்கத் தொடங்கினேன். முதல் வாரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அமர்ந்தேன். நான்காம் வாரம் நோட்டுப் புத்தகம் பரண் ஏறிவிட்டது. பிறகு காந்தியடிகளின் சீட்டு நினைவுக்கு வந்தது. முகம் மழிக்கும் கண்ணாடியின் ஓரத்தில் நாளுக்கு இரண்டெழுத்தாக ஒட்டினேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்தனர். ஆயினும் இரண்டு திங்களில் எழுத்து வசமாயிற்று; அதைப் படிக்கும் வேகம்தான் இன்னும் வசமாகவில்லை.

1909இல் இங்கிலாந்திலிருந்து கில்டோனன் காசில் என்னும் கப்பலில் திரும்பும்போது 'இந்து சுயராஜ்யம்' நூலைப் பத்தே நாள்களில் எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 275 பக்கங்களில் ஏறத்தாழ நாற்பது இடக்கை எழுத்து. 1910இல் கல்லன்பாக் என்னும் நண்பர் தந்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. செருப்புத் தைக்கும் தொழிலைக் கல்லன்பாக் ஒரு கிறித்துவ மடத்தில் கற்றுவந்தார். காந்தியடிகள் அவரிடம் கற்றார். பண்ணையில் மற்றவர்க்கும் கற்பித்தார். சிறையிலே தைத்த ஓர் இணைச் செருப்பை, தம்மைச் சிறையிட்ட அமைச்சர் ஸ்மட்ஸுக்கு 1914இல் விடைபெறும்போது அன்பளிப்பாக அளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகளில் அணிந்து, காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1939இல் திருப்பி அனுப்பினார். அத்தகையவர் செய்த செருப்பில் நிற்கத் தாம் தகுதியற்றவர் என்ற உணர்வையும் வெளியிட்டார்.

தமிழ் கற்க அவர் எடுத்த முயற்சியையும் இங்கே சொல்லவேண்டும். 1896இல் இந்தியா வரும் கப்பலில், அதன் மருத்துவர் தந்த தமிழ்ப் பயிற்சி நூலைக் கொண்டு தொடங்கினார். தென்னாப்பிரிக்கச் சிறைகளில் சிறிது முன்னேறினார். அங்கே போராடிய தமிழரின் தியாகம் அவரை அவ்வளவு ஆட்கொண்டிருந்தது. எனினும் சரளமாகப் பேசும் நிலையை அவர் எட்டவில்லை. அக்குறையை ஒளிக்காமல் கூறி வந்தார். 1937இல் சென்னையில் நடந்த பாரதிய சாகித்திய பரிஷத்தில் உ. வே. சாமிநாதையர் வரவேற்புரை நிகழ்த்த, அவரடியில் அமர்ந்து தமிழ் பயில வேண்டும் என்ற ஆசை காந்தியடிகளுக்கு எழுந்தது என்பர். கும்பகோணத்தில் நம் சமணச் சான்றோரை நாடிச் சிந்தாமணியின் ஐயங்களைத் தீர்த்துக்கொண்ட அதே ஐயர்தான்.

1915இல் தாயகம் திரும்பிய ஆண்டிலேயே ஹரித்துவாரக் கும்பமேளாவில் இரு விரதங்களை ஏற்றார்: ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை. நோயுற்றால் மருந்தையும் அவ்வைந்தில் ஒன்றாகவே எண்ணினார். இரவுண்ணாமை நம் குடும்பங்களில் பிறப்போடு வருவது. அதனை நாற்பத்தைந்து வயதில் ஒருவர் தாமாகத் தேடிப் பூண்டார் என்பது நம்மைச் சிந்திக்கச் செய்வது.

ஆனால் எல்லா விரதமும் அவருக்கு இவ்வாறு கைகூடவில்லை. பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்பதை முதலில் ராஜசந்திரரிடமிருந்தே அறிந்திருந்தார். பசுக்களிடமிருந்து கடைசித் துளிவரை கறக்கக் கையாளப்பட்ட கொடுமைகளைப் படித்தபின், 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை அறவே விட்டார். 1918இல் கேடாவில் இரவு பகலாக அலைந்து சீதபேதியால் உயிருக்குப் போராடினார். மருத்துவர் பாலை வற்புறுத்தினார், அவர் மறுத்தார். அப்போது கஸ்தூரிபா அம்மையார், விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பாலுக்குத் தடை என்ன என்று கேட்டார். காந்தியடிகள் இசைந்தார். விரதத்தின் சொல் பிழைத்தது. அதன் உயிர் போய்விட்டது என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். நாட்டுப்பணிக்காக உயிர்வாழும் ஆசை தம்மை வென்றுவிட்டது என்று எழுதினார். ஆட்டுப்பாலை இறுதிவரை விட இயலவில்லை, அவ்வருத்தமும் நீங்கவில்லை. தமக்குச் சாதகமான பொருளை விரதத்திற்குக் கற்பித்துக்கொண்டு நிம்மதியாக உறங்குவது எளிது. அவர் அப்படி உறங்கவில்லை என்பதே, என் கருத்தில், அவ்விரதத்தில் எஞ்சிய பயன்.

மற்றொரு குறையையும் மறைக்கலாகாது. தாம் ஏற்றதைத் தம்மைச் சார்ந்தோரும் உடனே ஏற்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். டர்பனில் 1898இல், விருந்தினராகத் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிகலத்தைக் கஸ்தூரிபா கண்ணீரோடு எடுத்துச் சென்றார். மகிழ்ச்சியோடு செய்யவில்லையே என்று சினந்து, மனைவியைக் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்றார் கணவர். அவரே வெட்கத்துடன் பதிவு செய்த நிகழ்ச்சி இது. முறையான பள்ளிக் கல்வி தரவில்லை என்ற மனக்குறையோடு மூத்த மகன் ஹரிலால் 1911இல் தந்தையைப் பிரிந்து சென்றார். அப்பிளவு ஆறவே இல்லை. விரதம் தானே விரும்பி ஏற்பது. ஏற்றவன் அருகில் இருப்பதனாலேயே அதன் பாரத்தைச் சுமக்க நேர்ந்தவர்களின் துயரை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது.

நூற்றலிலும் இதே கதை ஒருவாறு நிகழ்ந்தது. இராட்டையை முன்பின் பாராமலே 1909இல் கைநெசவைப் பற்றி எழுதினார். கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், பரணில் கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பம்பாயில் நோய்ப் படுக்கையில் கிடந்த காலத்தில் அவர் அறையில் இராட்டை ஒலிக்கத் தொடங்கியது. நோய் தீர்ந்ததில் அவ்வொலிக்கும் பங்குண்டு என்று அவர் நம்பினார். ஐம்பதை நெருங்கும் வயதில் நூற்கக் கற்றார். சிறையில் பஞ்சு கொட்டவும் பட்டை போடவும் தேர்ந்தார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது இராட்டையும் உடன் சென்றது. தமக்கு இன்பமாயிருந்ததை நாட்டுக்கே விதியாக்க விரும்பினார். அவர் தலைமை தாங்கிய 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் தரவேண்டும் என விதித்தது. மறு ஆண்டே அவ்விதி தளர்த்தப்பட்டது. அவருடைய இராட்டை மட்டும் நிற்கவில்லை.

1946ஆம் ஆண்டு இறுதியில், வகுப்புக் கலவரத்தால் எரிந்துபோன நவகாளிக்குச் சென்றார். வயது எழுபத்தேழு. ஊர் ஊராக நடந்தார். சில நாள்களில் காலணியையும் விலக்கினார். அம்மக்களின் துயரை அவர்கள் மொழியிலேயே கேட்கவேண்டும் என்று வங்காளம் கற்கத் தொடங்கினார். சிறு குழந்தைபோல் எழுத்துகளை எழுதிப் பழகினார். தில்லிக்கு வந்தபின்னும், எத்தனை தலைவர்கள் காத்திருந்தாலும், அன்றன்றைய எழுத்துப் பயிற்சி தொடர்ந்தது.

1948 ஜனவரி 30ஆம் நாளும் வழக்கம்போல விடியுமுன் எழுந்தார், வழிபாடு நடந்தது. மாலையில் வல்லபாய் படேலுடன் நடந்த உரையாடல் நீண்டுவிட்டதால் ஐந்து மணி வழிபாட்டுக்குச் சுமார் பத்து நிமிடம் தாமதமாயிற்று. காலந்தவறாமையை வாழ்நாள் முழுவதும் போற்றியவருக்கு அது பொறுக்கவில்லை. மனு, ஆபா ஆகிய இரு பெண்களின் தோள்மீது கைவைத்து, அவர்களைக் கடிந்துகொண்டே புல்வெளியில் விரைந்து நடந்தார். மணி 5.17 ஆனபோது குண்டுகள் பாய்ந்தன. அன்றைய வங்காளப் பயிற்சியை அவர் முன்பே எழுதி முடித்திருந்தார்.